சட்டையில் நான்கு லிட்டர் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

சலவை இயந்திரக் கையேட்டை ஒரு வழியாக முடித்தேன். கடைசி வரி: "குழந்தைகளை உள்ளே ஏறி விளையாட விடாதீர்கள்." துணியும் நுரையுமாகக் கிடந்த மூளையை ஒரு வாரம் காயப்போடலாம் என்று நினைத்திருந்தேன். மத்தியானமே பிரிவுத் தலைவர் கூப்பிட்டுவிட்டார். இவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'கமா'. எதை எழுதிக் கொண்டுபோனாலும் ஒரு கமாவைத் தேடிப் பிடித்து வெளியேற்றுவார். பிறகு பாவம் பார்த்து அதை வேறொரு வரியில் குடியேற்றுவார். மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் அவருடைய இருபது வருட சேவை அது ஒன்றுதான்.

மேசைமேல் ஒரு தடிப் புத்தகம். 'கனரக இயந்திரத் துப்பாக்கி: வரலாறு, பயன்பாடு, பராமரிப்பு.' நட்பு நாடு ஒன்று தன் கிடங்கைக் காலி செய்தபோது பழைய துப்பாக்கிகளை நமக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறது. கூடவே அவர்கள் மொழியில் இந்தப் புத்தகம். ராணுவத்தில் யாருக்கும் படிக்கத் தெரியவில்லையாம்.

"சார், நான் வீட்டு உபயோகப் பொருள் பிரிவு."

"வாஷிங் மெஷின் நீங்கதானம்மா பண்ணீங்க? இதுவும் மெஷின்தானே."

தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல கனம்.

மார்ச் 6, வியாழன்

முதல் அத்தியாயம் வரலாறு. ஆரம்பத்தில் கையால் சுற்றுகிற துப்பாக்கிதான் இருந்திருக்கிறது. நிறைய குழல்கள், ஒரு கைப்பிடி. சுற்றச் சுற்ற ஒவ்வொன்றாக வெடிக்கும். பயந்துபோய் வேகமாகச் சுற்றினால் சிக்கிக்கொள்ளும். எதிரி ஓடி வரும்போது நிதானமாகச் சுற்று என்றால் யாரால் முடியும்? பிறகு ஒருவன் யோசித்திருக்கிறான்: சுடும்போது துப்பாக்கி தோளில் உதைக்கிறதே, அந்த உதையை எதற்கு வீணாக்குவது? அந்த உதையே காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை இழுத்து வைத்து, அதையும் சுட்டுவிடும். விரலை எடுக்கும்வரை நிற்காது. குழல் சூட்டில் பழுத்துவிடும் என்பதால் அதைச் சுற்றி ஒரு தண்ணீர்த் தொட்டி. சுமக்கவும் சுடவும் ஆறு பேர். உதை வாங்கி உதை வாங்கியே வேலை செய்கிற இன்னொரு இடம் எனக்குத் தெரியும். அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

முதலில் இதை ஈட்டியும் வில்லும் வைத்திருந்த ஜனங்கள்மேல் திருப்பியிருக்கிறார்கள். "மிகச் சிறந்த பலன் கிடைத்தது" என்று எழுதியிருக்கிறது. சலவைத்தூளுக்கும் இதே வாக்கியத்தைத்தான் நான் போன மாதம் எழுதினேன். அப்புறம் பெரிய நாடுகள் எல்லாம் இதை வாங்கிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. யாராலும் எழுந்து நிற்க முடியவில்லை. நாலு வருடம் சேற்றுக் குழிக்குள். எதிரில் இருப்பவனும் அதே மெஷினை வாங்கி வைத்திருப்பான் என்று ஒரு தளபதிக்குக்கூடவா தோன்றவில்லை? படிக்கப் படிக்க எரிச்சலாக வந்தது.

தேநீர் குடித்துக்கொண்டே அடுத்த பத்திக்குப் போனேன். அந்தத் தொட்டித் தண்ணீர் கொதித்ததும் வீரர்கள் அதில் தேநீர் போட்டுக் குடித்தார்களாம், எண்ணெய் மிதக்க மிதக்க. என் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி போன் செய்தான். எல்லையில் ஒரு மொட்டைக் குன்று இருக்கிறது. அதில் புல்கூட முளைக்காது. அது எனக்குத்தான் என்று இரண்டு நாடும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அதன் அடிவாரத்தில்தான் இவன் முகாம். இதுவரை சமையல் கூடத்தில் இருந்தான்.

"அக்கா, என்னை மாத்திட்டாங்க. மெசின்கன்ல போட்டுட்டாங்க. நான்தான் நம்பர் ஒன்."

"நம்பர் ஒன்னுன்னா?"

"சுடறவன். பக்கத்துல நம்பர் டூ தோட்டாப் பட்டைய ஊட்டிக்கிட்டே இருப்பான். பழைய துப்பாக்கிக்கா, புக்கு இன்னும் வரல."

அந்தப் புத்தகம் என் மேசையில் இருக்கிறது என்று சொன்னேன்.

"நீயா எழுதற?" ரொம்ப சந்தோஷப்பட்டான். "அப்ப நல்லா எழுதுக்கா. அதப் பாத்துத்தான் நாங்க சுடணும்."

அம்மா போனைப் பிடுங்கினாள். எந்தப் பிரிவு என்று கேட்டாள். "மெஷின் பிரிவும்மா" என்றான். "தையல் மெஷினா?" அவன் உடனே ஒத்துக்கொண்டான்: "ஆமாம்மா." அம்மா சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள், பையன் ராணுவத்தில் டெய்லர் என்று. ஒரு வீட்டில் ஜன்னல் திரையை அளவெடுத்தே கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 12, புதன்

இன்று எழுதியது: "துப்பாக்கியைத் தொட்டிலில் கிடத்தவும். பட்டையை இடமிருந்து ஊட்டவும். சூடேறினால் ஆறவிடவும். அழுத்திப் பிடிக்க வேண்டாம்." சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்: "ஊட்டினதும் உடனே படுக்கப் போடக்கூடாதுன்னு எழுது. கக்கிடும்."

மார்ச் 14, வெள்ளி

கலைச்சொல் குழு கூடியது. பேராசிரியர், கவிஞர், ராணுவத்தின் சார்பில் ஒரு மேஜர். நானும் கமாவும் ஓரமாக. இந்தக் குழு ஒரு சொல்லுக்குக் கை தூக்கிவிட்டால் பிறகு அதை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை கிடையாது.

குழலைச் சுற்றியுள்ள தண்ணீர்த் தொட்டிக்கு மூலத்தில் 'ஜாக்கெட்' என்று பெயர். மேஜர், "அப்படியே போட்டுடலாமே, ஜாக்கெட்ல தண்ணி ஊத்தவும்னு" என்றார். கவிஞர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஜாக்கெட்டிலா? படிப்பவர் என்ன நினைப்பார்?" அடுத்து 'உறை'. அது இடுப்பில் துப்பாக்கி சொருகுகிற உறையோடு குழம்பும் என்றார் பேராசிரியர். 'அங்கி', 'போர்வை', 'கஞ்சுகம்' எல்லாம் வந்து போயின. கடைசியில் 'சட்டை' ஜெயித்தது. எளிமையான சொல் என்று எல்லோருக்கும் திருப்தி. தொட்டி என்றே போட்டால் என்ன என்று கேட்டேன். தொட்டி என்றால் மாடு தண்ணீர் குடிக்கும் என்றார் கவிஞர்.

அடுத்தது 'தலையிடைவெளி'. மூலத்தில் இருப்பதை வார்த்தைக்கு வார்த்தை மாற்றினால் அப்படித்தான் வரும். அது என்ன என்று புரியும்படி ஒரு வரி சேர்க்கட்டுமா என்றேன். "அது சின்ன விஷயம், ஆளுங்களுக்குத் தெரியும்" என்றார் மேஜர். சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் கை தூக்கினார்கள்.

மார்ச் 19, புதன்

அச்சுக்குப் போய்விட்டது. "துப்பாக்கியின் சட்டையில்" என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் கமா 'துப்பாக்கியின்' என்ற சொல்லை அடித்துவிட்டார். "புத்தகமே துப்பாக்கியப் பத்தித்தானேம்மா, திரும்பத் திரும்ப எதுக்கு?"

ஏப்ரல் 6, ஞாயிறு

சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை.

தம்பி போனில் தும்மிக்கொண்டே பேசினான். புத்தகம் வந்துவிட்டதாம். சார்ஜண்ட் அதை வரிக்கு வரி மனப்பாடம் செய்திருக்கிறாராம். விடிந்ததும் ஆறு பேரும் வரிசையாக நிற்க வேண்டும். ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், சட்டைமேல். பிறகுதான் துப்பாக்கியைத் தொடலாம்.

"என்னடா சொல்ற?"

"நீதானக்கா எழுதியிருக்க. 'சட்டையில் நான்கு லிட்டர் தண்ணீர் ஊற்றாமல் ஒருபோதும் சுடக்கூடாது.' பக்கம் ஒன்பது."

"டேய், அது துப்பாக்கியோட சட்டைடா!"

"துப்பாக்கிக்கு ஏதுக்கா சட்டை?"

குழலைச் சுற்றியுள்ள உருளையைத்தான் சொன்னேன் என்று விளக்கினேன். "அது காலியாத்தான் இருக்கு" என்றான். "நான் போய்ச் சொன்னா சார்ஜண்ட் ஒத்துக்க மாட்டார். 'புக்கு பெருசா நீ பெருசா'ம்பார். எழுத்துல வந்தாத்தான் உண்டு. ஆனா சீக்கிரம் அனுப்புக்கா. ரெண்டு நாளா தண்ணி லாரி வரல."

தண்ணி வராவிட்டால் என்ன அவசரம் என்று கேட்கப்போனேன். அதற்குள் எனக்கே ஞாபகம் வந்துவிட்டது. பக்கம் பத்து. வறண்ட இடங்களில், முன்னொரு போரில் செய்தது போல, தண்ணீருக்குப் பதில் வீரர்கள் தங்கள் சிறுநீரையே சட்டையில் ஊற்றலாம். எழுதியது நான்தான். மூலத்தில் இருந்த "அவசர காலத்தில் மட்டும்" என்பதைக்கூட விடாமல் போட்டிருந்தேன்.

"பத்தாம் பக்கம் படிச்சாச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நேத்தே படிச்சார்" என்றான் தம்பி.

போனை வைக்கப்போகும்போது சாதாரணமாக ஒன்று சொன்னான். சுடும் முன்பு சார்ஜண்ட் ஸ்கேல் வைத்து அளக்கிறாராம். எதை? அவன் தலைக்கும் நம்பர் டூ தலைக்கும் நடுவில் இருக்கிற இடத்தை. "தலையிடைவெளி பன்னிரண்டுல இருந்து பதினஞ்சுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கில்ல? அங்குலம்னு சொல்லிட்டார்."

ஏப்ரல் 7, திங்கள்

காலையில் முதல் வேலையாக மூலத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். தோட்டா குழலுக்குள் போய் உட்காரும்; அதன் முதுகுக்கு ஒரு இரும்பு வந்து முட்டுக் கொடுக்கும். அந்த இரும்பின் முகப்புக்குத்தான் 'தலை' என்று பெயர். அது தோட்டாவின் முதுகோடு எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதுதான் 'தலையிடைவெளி'. மயிரிழைக் கணக்கு. அது கூடிவிட்டால், குழல் வழியே முன்னால் போக வேண்டிய வேகத்தோடு தோட்டா பின்னால் வெடிக்கும். பின்னால் இருப்பது நம்பர் ஒன்னின் முகம்.

என் தம்பியின் முகம். கிண்டல் பண்ணிக்கொண்டே இருக்கிற அந்த மூஞ்சி.

கமாவிடம் ஓடினேன். பிழைதிருத்தம் அனுப்ப வேண்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிழை இருக்குன்னு ஒத்துக்கிட்டா, பிழை இருந்துச்சுன்னு ஆயிடும்ல?"

"ஆமா சார். இருந்துச்சு."

"அதத்தான் நானும் சொல்றேன். எதுக்கு?"

குழு வாக்களித்த சொல்லைக் குழுதான் மாற்ற முடியுமாம். குழு அடுத்து மழைக்காலத்தில் கூடும்.

ஏப்ரல் 9, புதன்

மேஜரைப் போனில் பிடித்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே வாழ்த்து சொன்னார். சட்டையில் தண்ணீர் ஊற்றும் முறையால் வீரர்களின் ஒழுக்கமும் சுறுசுறுப்பும் கூடியிருக்கிறதாம். காலையில் ஒருத்தனும் தூங்கி வழிவதில்லையாம். துப்பாக்கியே இல்லாத பிரிவுகளுக்கும் அதை விரிவுபடுத்தியிருக்கிறார்கள். கணக்கர்கள்கூட நனைகிறார்கள்.

"சார், தண்ணி துப்பாக்கிக்கு!"

"துப்பாக்கிக்கும் ஊத்தலாம் மேடம், தப்பில்ல. ஆனா இப்ப இது ரெஜிமெண்ட்டோட பழக்கம் ஆயிடுச்சு. சொன்னா சிரிப்பாங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. நான் ஒரு கையேடு எழுதினேன். ஒரு படையே ஈரமாக நிற்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

இருபத்து நான்காம் தேதி செயல்விளக்கமாம். பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். தம்பி இரண்டு பட்டை முழுக்க நிறுத்தாமல் சுட வேண்டும். இதுவரை பயிற்சியில் தினம் ஏழெட்டுத் தோட்டாதான் சுட்டிருக்கிறார்கள், அதனால்தான் தப்பித்திருக்கிறான்.

உருளையில் நீயே தண்ணீர் ஊற்றிவிடு என்றேன். துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்கிறார்கள், சாவி சார்ஜண்டிடம் என்றான். துப்பாக்கிக்குள் இருக்கிற அந்த இடைவெளியை அளக்க, அதோடு வந்த தகடு எங்கே என்றேன். "புக்குல அளவுகோல்னு போட்டிருக்கில்ல? அதனால அந்தத் தகட்டை எதுக்குன்னு தெரியாம சமையல் ரூம்ல குடுத்துட்டாங்க. சட்டி சுரண்டறாங்க."

"அப்ப சுடாத. ஓடி வந்துடு."

"எங்கக்கா ஓடறது? தலையிடைவெளி கெட்டுடும்" என்று சிரித்தான். நான் அழுதேன். திட்டினேன். அப்புறம் ஒன்றே ஒன்று சொன்னேன், மூலத்தில் படித்தது: மேல்மூடி ஓரத்தில் புகை வந்தாலோ சத்தம் மாறினாலோ விட்டுட்டு விழுந்து புரண்டுடு. மானம் மரியாதை பார்க்காதே. சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 16, புதன்

பிழைதிருத்தம் வெளியாகிவிட்டது! கமா மனமிரங்கி, குழுவைக் கூட்டாமலே, தன் அதிகாரத்துக்கு உட்பட்டுச் செய்தாராம். ஓடிப்போய் வாங்கிப் பார்த்தேன். "பக்கம் 9, வரி 4: 'ஊற்றாமல்,' என்பதை 'ஊற்றாமல்' என்று திருத்தி வாசிக்கவும்."

ஏப்ரல் 20, ஞாயிறு

போன் வரவில்லை. நான் நாலு முறை கூப்பிட்டேன். கோபுரம் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

அலுவலகம் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் நல்லதா கெட்டதா? கடவுளே, அவன் மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகக் கூடாது.

ஏப்ரல் 25, வெள்ளி

உயிரோடு இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். முழுசாக இருக்கிறான்.

நம்பர் டூதான் கூப்பிட்டான். துப்பாக்கிக்குத் தோட்டா ஊட்டுவதால் அவனை முகாமில் 'ஆயா' என்று கூப்பிடுகிறார்கள். அவன் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். ஆறு பேரும் சொட்டச் சொட்ட நனைந்து வந்து நின்றார்கள், மேடையில் கைதட்டல். சார்ஜண்ட் ஸ்கேல் வைத்துத் தலைகளை அளந்தார், மறுபடி கைதட்டல். தம்பி சுட ஆரம்பித்தான். முதல் பட்டை முடிவதற்குள் குழல் சிவந்துவிட்டது. இரண்டாவது பட்டையில் சத்தம் மாறியது. மூடி ஓரத்தில் புகை. தம்பி கையை விட்டான். ஆயாவின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளத்தில் உருண்டான். எல்லோரும் சிரித்தார்கள். ஆளே இல்லாத துப்பாக்கி, உள்ளே இருந்த சூட்டில், தானாகவே ஒரு தோட்டாவைச் சுட்டது. மேல்மூடி பறந்து போய், தாமதமாக வந்துகொண்டிருந்த பெரிய அதிகாரிக்காகப் போட்டிருந்த காலி நாற்காலியைப் பிளந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. யாருக்கும் கீறல்கூட இல்லை.

"உங்க தம்பி இல்லன்னா எனக்கு மூக்கு இருந்திருக்காதுக்கா" என்றான் ஆயா. "ஆனா அவனப் புடிச்சு உள்ள வச்சிருக்காங்க."

"எதுக்கு?"

"அனுமதி இல்லாம தலைய எடுத்ததுக்கு."

ஏப்ரல் 26, சனி

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தையல் மெஷின் ஒன்று வெடித்துவிட்டது, தம்பிக்கு ஒன்றும் இல்லை, சும்மா விசாரணை என்று உளறினேன். அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தையல் மெஷினுக்கு எதுக்குடி நாலு லிட்டர் தண்ணி? ரெண்டு பேரும் போன்ல கத்தறது எனக்குக் கேக்காதா?"

"அப்ப தெரிஞ்சேவா ஊரெல்லாம் டெய்லர்னு சொன்ன?"

"வேற என்ன சொல்றது? எனக்கும் ராத்திரி தூக்கம் வர வேண்டாமா?"

அம்மாவின் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி நான் தேய்த்தேன். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

மே 12, திங்கள்

விசாரணை முடிந்துவிட்டது. இரண்டு வருடம் சிறை என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். ஆனால் துப்பாக்கி கொடுத்த நாட்டோடு ஓர் ஒப்பந்தம்: எந்தத் துப்பாக்கி வெடித்தாலும் அறிக்கையை அவர்கள் மொழியில் அனுப்ப வேண்டும், அவர்களுடைய ஆய்வாளர் கருத்து வந்த பிறகே தண்டனை. மெஷின் சம்பந்தப்பட்டது என்பதால் அறிக்கை என் மேசைக்கு வந்தது.

"வெடிப்புக்குக் காரணம்: தலையிடைவெளி பேணப்படாமை. முதல் எண் வீரர் விதிக்கப்பட்ட தலையிடைவெளியைக் குலைத்து, இரண்டாம் எண் வீரரின் தலையையும் உடன் இழுத்துச் சென்றார். உடனடியாகத் துப்பாக்கி வெடித்தது."

மூன்று தடவை படித்தேன். முதல் வாக்கியம் சத்தியம். அந்தத் துப்பாக்கி தலையிடைவெளி சரியில்லாததால்தான் வெடித்தது. எழுதினவருக்குத்தான் அது தெரியாது.

தலையிடைவெளி என்ற சொல்லுக்குக் குழு ஒப்புக்கொண்ட மூலச்சொல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதையே போட்டேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கமா ஒரு கமாவை நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மே 26, திங்கள்

பதில் வந்துவிட்டது. அவர்களுடைய ஆய்வாளர் ரொம்ப நேர்மையாக எழுதியிருக்கிறார். காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்த விசாரணைக் குழுவுக்குப் பாராட்டு. துப்பாக்கி வெடிக்கப்போவதை உணர்ந்து சகவீரனையும் இழுத்துக்கொண்டு விலகிய நம்பர் ஒன் செய்தது மிகச் சரி. வீரர்களின் தலைகளைப் பற்றிய வாக்கியம் மட்டும் அவருக்குப் புரியவில்லையாம். அது நம் நாட்டுப் பழமொழியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். கடைசியாக: சுடும் முன் தலையிடைவெளியை அளக்கும் பொறுப்பில் இருந்தவரைத் தண்டிக்க வேண்டும்.

துள்ளிக் குதிக்கத்தான் தோன்றியது. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இதை நம் மொழியில் எழுதி ராணுவத்துக்கு அனுப்ப வேண்டியது நான். குழுவின் சொல்லைப் போட்டால் தம்பி வெளியே வருவான். ஸ்கேல் பிடித்து அளந்த சார்ஜண்ட் உள்ளே போவார். அந்த மனுஷன் செய்த தப்பு என்ன? என் புத்தகத்தை நம்பினார். அடுத்து வருகிற சார்ஜண்ட் இன்னும் பெரிய ஸ்கேலாக வாங்குவார். துப்பாக்கிக்குள் இருக்கிற இடைவெளியை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். விடுதலையான தம்பி மறுபடி அதே துப்பாக்கிக்குப் பின்னால் போய்த்தான் உட்காருவான்.

ஜெயிலிலேயே இருந்தால் உயிரோடாவது இருப்பானே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், நினைத்தேன்.

மே 27, செவ்வாய்

சொல்லை மாற்றிவிட்டேன்.

'தலையிடைவெளி' வந்த இடத்தில் எல்லாம் 'சந்து' என்று போட்டேன். "தோட்டாவின் முதுகுக்கும் அதற்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கும் சந்து. மனிதர்களின் தலைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதைத் துப்பாக்கியோடு வந்த தகட்டால் அளக்க வேண்டும். தகடு சமையல் அறையில் இருக்கிறது. தண்ணீரைக் குழலைச் சுற்றியுள்ள தொட்டியில் ஊற்ற வேண்டும். கையேட்டில் இருந்த சொற்கள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதால் சார்ஜண்ட் மேல் குற்றம் இல்லை." இந்த வரிகள் எதுவும் மூலத்தில் இல்லை. இத்தனை வருடத்தில் மூலத்தில் இல்லாத ஒரு வரியை நான் எழுதியது இதுதான் முதல் தடவை.

கமா படித்தார். இந்தத் தடவை கமா எதையும் தேடவில்லை.

"சந்துன்னா தெருவில்ல?"

"தெருவும்தான் சார். ரெண்டு சுவத்துக்கு நடுவுல இருக்கறது."

"குழு ஒத்துக்காத சொல்லும்மா இது. உங்க மேல நடவடிக்கை வரும்."

"வரட்டும் சார்."

ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, நான் பார்க்காத மாதிரி இருக்கேன் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முத்திரையை நானே எடுத்துக் குத்தினேன்.

ஜூன் 5, வியாழன்

தம்பியை விட்டுவிட்டார்கள். சார்ஜண்ட் மேல் எதுவும் இல்லை. எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ். விளக்கம் தரும்வரை பிரஷர் குக்கர் பிரிவு. மேஜர் கூப்பிட்டு, சொல்லை ஒத்துக்கொள்ள முடியாது, ஆனால் முகாமில் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொண்டார். கணக்கர்கள் இன்னும் நனைகிறார்களாம். அதை நிறுத்தத் தனி உத்தரவு வேண்டும்.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி கூப்பிட்டான். பின்னால் தட்டுச் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம்.

"புது துப்பாக்கி வந்துருக்குக்கா. காலையில சார்ஜண்டும் நானும் சந்து பாத்தோம்."

"சரியா இருந்துச்சா?"

"இல்ல. ரொம்ப அகலமா இருந்துச்சு. அத சரி பண்ணிட்டு இப்பத்தான் சாப்பிட உக்காந்தோம்."

சரி, சாப்பிடு என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன்.